இன்ஜினைப் பார்க்காதீங்க, கொக்கியைப் பாருங்க

இரண்டாவது ப்ராஜெக்ட் ரிவ்யூ. எட்டுக்கு நாலடி ப்ளைவுட் மேல ஒரு ஓவல் தண்டவாளம். ஒரு பக்கம் தெர்மகோல்ல செஞ்ச சுரங்கம். முன்னாடி சிவப்பு, பச்சை எல்இடி வச்ச சின்ன பேனல். ஓடுறது ஒரு இன்ஜின், ஐந்து வேகன்.

எங்க ப்ராஜெக்ட், அச்சுகளை எண்ணி சிக்னல் போடுற சிஸ்டம். ஒரு ப்ளாக்குக்குள்ள எத்தனை அச்சு நுழையுதுன்னு ஒரு சென்சார் எண்ணும். எத்தனை அச்சு வெளியே வருதுன்னு இன்னொண்ணு எண்ணும். இரண்டும் சமம்னா ப்ளாக் காலி, பச்சை விழும். இல்லைன்னா சிவப்பு விழும், அடுத்து வர்ற ரயிலை வெளியிலேயே நிறுத்தும். நிஜ ரயில்வேயில ஆக்ஸில் கவுன்ட்டர் பண்ற வேலையும் இதேதான்.

ரயில் சுரங்கத்துக்குள்ள போச்சு. வெளியே வந்துச்சு. பேனல்ல சிவப்பு மாறவே இல்லை. ஒரு சுற்று சுத்தி வந்த இன்ஜின், சுரங்க வாசல்ல தானா நின்னுடுச்சு. "ரயில்தான் வெளியே வந்துடுச்சே, ஏன் இன்னும் சிவப்பு?"ன்னு ரிவ்யூவர் கேட்டார். நான் ஒரு நொடிகூட யோசிக்கலை. "கோடுல ஒரு பக் இருக்கு சார்"னு சொல்லிட்டேன். கோடு எழுதினவன் என் பக்கத்துலதான் நின்னுட்டு இருந்தான். சிக்னலை ஓவர்ரைடு பண்ணி இன்ஜினை உள்ளே விட்டேன்.

உள்ளேயிருந்து 'டக்'னு ஒரு சத்தம்.

சுரங்கத்தைத் தூக்கிப் பார்த்தா, கடைசி இரண்டு வேகன் உள்ளேயே நிக்குது. உள்ளே போன அச்சு 24, வெளியே வந்தது 16. கோடு சரியா எண்ணியிருக்கு, சரியா சிவப்பு போட்டிருக்கு, சரியா ரயிலை நிறுத்தியிருக்கு. தப்பு பண்ணது ஒரு கொக்கி. அதுக்கப்புறம் நான். என் டீம்மேட் அடுத்த ரெண்டு வாரம் என்கூட சரியா பேசலை. அவன்மேல தப்பே இல்லை.

அந்த ரெண்டு வாரத்துல நான் படிச்சதும் பிரிச்சுப் பார்த்ததும்தான் இந்தக் கட்டுரை. மாடல் ரயில் பண்றவங்களுக்கு நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணு. முதல்ல கப்ளருக்குக் காசும் நேரமும் ஒதுக்குங்க, அப்புறம் இன்ஜினைப் பத்தி யோசிங்க. நாம எல்லாருமே இதைத் தலைகீழா பண்றோம்.

ஒரு சின்ன கணக்கு

கப்ளர்னா இரண்டு பெட்டியைச் சேர்க்கிற கொக்கி. எங்க ரயில்ல அப்படி ஐந்து இணைப்பு. ஒரு இணைப்பு ஒரு சுற்றுக்கு 99 சதவீதம் நம்பகமானதுன்னு வச்சுக்குவோம். கேட்க நல்லாத்தான் இருக்கு, செமஸ்டர்ல 99 வாங்கினா வீட்ல கேக் வெட்டுவாங்க. ஆனா ஐந்து இணைப்பு, பத்து சுற்றுன்னா 0.99-ஐ ஐம்பது தடவை பெருக்கணும். விடை சுமார் 0.605. அதாவது பத்து சுற்று அறுபடாம ஓடுறதுக்கு வாய்ப்பு 60 சதவீதம்தான். இருபது வேகன் ரயில்னா 200 தடவை பெருக்கணும். வாய்ப்பு 13 சதவீதத்துக்கு இறங்கிடும்.

அதே இணைப்பை 99.9 சதவீதத்துக்குக் கொண்டுபோனா, எங்க சின்ன ரயில் பத்து சுற்று முடிக்க 95 சதவீத வாய்ப்பு. இருபது வேகன் ரயிலுக்குக்கூட 82 சதவீதம். இன்ஜினை எவ்வளவு விலை கொடுத்து மாத்தினாலும் இந்த வித்தியாசம் வராது. இன்ஜின் ஒண்ணுதான், இணைப்புதான் நிறைய. ரிலையபிலிட்டி பாடத்துல 'சீரீஸ் சிஸ்டம்'னு படிச்சு, பத்து மார்க் கேள்விக்கு எழுதிட்டு மறந்த அதே விஷயம்தான்.

எங்க ரயில்ல என்ன பிரச்சினை?

வேகன்கள் என் டீம்மேட்டோட மாமா அமெரிக்காவுல இருந்து திரும்பி வரும்போது கொண்டுவந்த பழைய சேகரிப்பு. எச்ஓ அளவு. அதாவது நிஜத்துல 87-ல ஒரு பங்கு, தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். ஐந்து வேகன்ல மூணுக்கு விரல் மடக்கின மாதிரி இருக்கிற நக்கிள் கப்ளர், பிளாஸ்டிக்ல. மீதி இரண்டுக்கு அதைவிடப் பழைய ஹார்ன்-ஹுக் கப்ளர். இரண்டு வகையும் ஒண்ணோட ஒண்ணு சேராது. நாங்க என்ன பண்ணோம்? ஸ்டேப்ளர் பின்னை வளைச்சு நடுவுல கோர்த்துட்டோம். கழண்டா கையால மாட்டிட்டு அடுத்த ரன் போட்டோம். 'மெக்கானிக்கல் சமாச்சாரம், அப்புறம் பார்த்துக்கலாம்'னு பத்து வாரம் ஓடிருச்சு.

நாங்க ஸ்டேப்ளர் பின்னால சமாளிச்ச இந்த 'வகைக்கு ஒரு கொக்கி' பிரச்சினையில, நிஜ ரயில்ல மனுஷங்க விரலையும் உயிரையும் இழந்திருக்காங்க. அமெரிக்காவுல 19-ஆம் நூற்றாண்டுல பெட்டிகளை இணைச்சது ஒரு இரும்பு வளையமும் ஒரு பின்னும். இரண்டு பெட்டி நெருங்கி வரும்போது, பிரேக்மேன் நடுவுல நின்னு வளையத்தைக் கையால வழிநடத்தி பின்னைப் போடணும். ஒரு நொடி தப்பினா கை நசுங்கும், இல்லைன்னா ஆளே நசுங்கிடுவார். ஈலை ஜேனி என்கிறவர் 1873-ல நக்கிள் வகைக் கப்ளருக்கு பேட்டன்ட் வாங்கினார். உங்க இரண்டு கை விரலையும் மடக்கி ஒண்ணுல ஒண்ணு மாட்டி இழுத்துப் பாருங்க, அதுதான் டிசைன். பெட்டிகள் மோதினாலே தானா பூட்டிக்கும், நடுவுல ஆள் நிக்க வேண்டாம்.

ஆனா நல்ல டிசைன் கிடைச்சதும் பிரச்சினை தீரலை. அந்தக் காலத்துல கப்ளருக்குன்னு ஆயிரக்கணக்கான பேட்டன்ட் இருந்துச்சு. ஒரு கம்பெனி கப்ளர் இன்னொரு கம்பெனி கப்ளரோட சேராதுன்னா, பிரேக்மேன் மறுபடி நடுவுலதான் போய் நிக்கணும். 1880-களின் கடைசியில பெட்டி தயாரிப்பாளர் சங்கம் ஜேனி வகையைப் பொதுத் தரமா எடுத்துக்கிச்சு. அதுக்கு வழிவிட்டது ஒரு விட்டுக்கொடுத்தல். இரண்டு கப்ளர் தொட்டுக்கிற முகத்தோட வளைவு மேல இருந்த பேட்டன்ட் உரிமையை ஜேனி தரப்பு விட்டுக்கொடுத்துச்சு. உள்ளே பூட்டு எப்படி வேலை செய்யணும்கிறது அவங்கவங்க இஷ்டம், வெளியே தொடுற முகம் மட்டும் எல்லாருக்கும் ஒண்ணு. 1893-ல வந்த பாதுகாப்புச் சட்டம், தானா இணையுற கப்ளரைக் கட்டாயமாக்குச்சு. இன்னிக்கு நம்ம ஊர் சரக்கு வேகன்லயும் எல்எச்பி பெட்டியிலயும் நீங்க பார்க்கிற சென்டர் பஃபர் கப்ளர் அதே குடும்பத்துப் பிள்ளைதான். அடுத்த தடவை ஸ்டேஷன்ல இரண்டு பெட்டிக்கு நடுவுல எட்டிப் பாருங்க, ரயில் நின்னுட்டு இருக்கும்போது, ப்ளாட்ஃபார்ம்ல இருந்தபடியே.

எல்லார்கிட்டயும் இருக்குன்னா நல்லதுன்னு அர்த்தம் இல்லை

மாடல் உலகத்துலயும் இதே கதை சின்ன அளவுல நடந்துச்சு. அமெரிக்காவின் தேசிய மாடல் ரயில்ரோடு சங்கம் 1935-ல ஆரம்பிச்சது. 1950-கள்ல அங்க உருவான ஒரு கப்ளர் டிசைன் எக்ஸ்2எஃப். நம்ம ஹார்ன்-ஹுக் அதுதான். யார் வேணும்னாலும் காசு கொடுக்காம தயாரிக்கலாம். ஒரே பிளாஸ்டிக் துண்டு, விலையும் மலிவு. அதனால பல வருஷம் எந்த ஆரம்பநிலை ரயில் செட்டைத் திறந்தாலும் இதுதான் இருந்துச்சு. சங்கம் அதை அதிகாரபூர்வத் தரமா ஏத்துக்கவே இல்லை, ஆனாலும் ஊரெல்லாம் அதை சங்கத்துக் கப்ளர்னே கூப்பிட்டாங்க.

அதோட குறை டிசைன்லயே இருக்கு. இரண்டு கொக்கியும் ஒண்ணையொண்ணு பக்கவாட்டுல தள்ளிக்கிட்டுத்தான் பிடிச்சிருக்கும். ரயிலை இழுக்கும்போது பெரிசா தெரியாது. பின்னாடி தள்ளும்போது அந்தப் பக்கவாட்டு விசை வேகனைத் தண்டவாளத்துல இருந்து வெளியே தள்ளும். வேகன் இலகுவா இருந்து வளைவும் இறுக்கமா இருந்தா, கவிழாம இருந்தாத்தான் ஆச்சரியம்.

இன்னொரு பக்கம், ஆரிகன் மாநிலத்துல கீத், டேல் எட்வர்ட்ஸ்னு இரட்டைச் சகோதரர்கள். கீத்தோட கே, டேலோட டீ சேர்ந்து 'கேடீ'. 1960-ஐ ஒட்டி அவங்க காந்தத்தால கழட்டுற நக்கிள் கப்ளரைக் கொண்டுவந்தாங்க. உலோக வார்ப்பு, தனி ஸ்பிரிங். காசு கூட, பேட்டன்ட் வேற. ஆனாலும் விவரம் தெரிஞ்சவங்க புது வேகன் வாங்கினதும் முதல் வேலையா செட்டோட வந்த கப்ளரைக் கழட்டிட்டு இதை மாட்டினாங்க. 1990-கள்ல பேட்டன்ட் காலம் முடிஞ்சதும், அதோட சேருற மாதிரி பல கம்பெனிகள் நக்கிள் கப்ளர் செய்ய ஆரம்பிச்சாங்க. இன்னிக்கு எச்ஓ-வுல அமெரிக்க ரயில் மாடல்னா அந்த முகம்தான் நடைமுறைத் தரம்.

இலவசமா, எல்லார்கிட்டயும் இருந்த ஒண்ணு தோத்துச்சு. காசு கொடுத்து வாங்கி, மெனக்கெட்டு மாட்ட வேண்டியிருந்தது நிலைச்சுது. 'பெட்டியோட வந்ததே போதும்'னு நினைக்கிறவங்க இதைக் கொஞ்சம் யோசிங்க.

சரி, எதை வாங்குறது?

முதல் விதி: ரயில் முழுக்க ஒரே குடும்பம். பாதி ஹார்ன்-ஹுக், பாதி நக்கிள்னு கலக்காதீங்க. நடுவுல ஸ்டேப்ளர் பின் போடாதீங்க. நாங்க போட்டோம், பார்த்தீங்களே.

இரண்டாவது: அடிக்கடி ஓட்டுற ரயிலுக்கு உலோகம். பின்னை எடுத்துட்டு எல்லா வேகனுக்கும் பிளாஸ்டிக் நக்கிள் மாட்டிப் பார்த்தோம். அப்பவும் கழண்டுச்சு. பழைய பிளாஸ்டிக் கப்ளர்ல சிலதுக்கு, விரலை மூடி வைக்கிற ஸ்பிரிங்கே அதே பிளாஸ்டிக்ல வார்த்த ஒரு மெல்லிய நாக்கு. தொடர்ந்து விசை வாங்க வாங்க அது வளைஞ்ச இடத்துலயே பழகிடும், திரும்பி வராது. மெட்டீரியல் சயின்ஸ் பேப்பர்ல 'க்ரீப்'னு எழுதுறோமே, அதை முதல் தடவையா கண்ணால பார்த்தேன். உலோகக் கப்ளர்ல ஸ்பிரிங் தனியா இருக்கிறதால அந்தத் தொல்லை குறைவு. ஆனா அந்த ஸ்பிரிங் கடுகு சைஸ். கழட்டும்போது பறந்து போச்சுன்னா ஹாஸ்டல் ரூம்ல தேடிக் கண்டுபிடிக்கவே முடியாது. ஒரு பிளாஸ்டிக் கவருக்குள்ள கையை விட்டு வேலை பாருங்க.

மூணாவது: உயரம். இதைத்தான் யாரும் அளக்கிறது இல்லை, ரயில் அறுபடுறதும் பெரும்பாலும் இதுலதான். எச்ஓ-வுல நக்கிள் கப்ளரோட மையம் தண்டவாளத்தின் தலையில இருந்து 25/64 அங்குலம், அதாவது சுமார் 9.9 மில்லிமீட்டர் உயரத்துல இருக்கணும். ஒண்ணு மேலே, ஒண்ணு கீழேன்னா முகத்துல பாதிதான் பிடிக்கும். தண்டவாளம் லேசா ஏறி இறங்குற இடத்துல ஒண்ணு இன்னொண்ணு மேல ஏறிக் கழண்டுடும். இதுக்குன்னே உயரம் பார்க்கிற கேஜ் விக்கிறாங்க. தண்டவாளத்துல வச்சு, வேகனைப் பக்கத்துல தள்ளிப் பார்த்தா போதும். கப்ளர் தாழ்வா இருந்தா போகிக்கும் உடலுக்கும் நடுவுல மெல்லிய வாஷர் போட்டு வேகனை உயர்த்தலாம். தண்டு மேலேயோ கீழேயோ வளைஞ்ச கப்ளர் வகைகளும் கிடைக்குது. எங்க ஐந்து வேகன்ல மூணுக்கு உயரம் தப்பு. கண்ணால பார்த்தப்போ எல்லாம் ஒண்ணாத்தான் தெரிஞ்சுது.

நாலாவது: கப்ளருக்கு அடியில தொங்குற வளைஞ்ச இரும்புக் கம்பி. தண்டவாளத்துக்கு நடுவுல காந்தம் வச்சா, இந்தக் கம்பியை இழுத்துக் கப்ளரைத் திறக்கும். கையால தொடாம வேகனைக் கழட்டிவிடலாம். ஆனா கம்பிக்கும் தண்டவாளத் தலைக்கும் நடுவுல 1/32 அங்குல இடைவெளி வேணும். அது முக்கால் மில்லிமீட்டர் சொச்சம்தான். இன்னும் கீழே தொங்கினா பாயின்ட்ல மாட்டி, ரயிலை அறுக்கும் இல்லைன்னா கவிழ்க்கும். காந்தமே பயன்படுத்தலைன்னா கம்பியை வெட்டிடலாம், தப்பில்லை.

ஐந்தாவது: எங்க மாட்டியிருக்குன்னு பாருங்க. மலிவான வேகன்ல கப்ளர் போகியோட ஒட்டி வரும். பின்னாடி தள்ளும்போது அந்த விசை நேரா சக்கரத்தைத் திருப்பும், வேகன் கவிழும். வேகனோட உடல்ல மாட்டினா விசை உடல் வழியா போயிடும். ஆனா நீளமான பயணிகள் பெட்டி, இறுக்கமான வளைவுன்னா உடல்ல மாட்டின குட்டைத் தண்டு கப்ளர் எட்டாம இழுத்துக் கவிழ்க்கும். அங்க நீளத் தண்டு, இல்லைன்னா வேற வழியே இல்லாதப்போ போகியிலயே விட்டுடுங்க. உங்க வளைவை அளந்துட்டு முடிவு பண்ணுங்க, வீடியோ பார்த்து முடிவு பண்ணாதீங்க.

கடைசியா, கப்ளர் அதோட டப்பாக்குள்ள இடம் வலம் தடையில்லாம ஆடணும், விட்டா நடுவுக்குத் திரும்பணும். இறுகினா எண்ணெய் ஊத்தாதீங்க, தூசியை இழுத்துப் பசையாக்கிடும். கிராஃபைட் பொடி போடுங்க. வேகனோட எடையையும் பாருங்க. சங்கத்தோட பரிந்துரை, அடிப்படை 1 அவுன்ஸ், கூட ஒவ்வொரு அங்குல நீளத்துக்கும் அரை அவுன்ஸ். ஆறு அங்குல வேகனுக்கு 4 அவுன்ஸ், சுமார் 113 கிராம். அதைவிட ரொம்ப இலகுவா இருந்தா, கப்ளர் பூட்டுறதுக்கு முன்னாடியே வேகன் தள்ளிட்டு ஓடிடும்.

'இதுக்குப் போய் இவ்வளவா?'

எதிர்த்தரப்பு வாதமும் எனக்குத் தெரியும். என் ரூம்மேட்டே கேட்டான்.

'காசு ஜாஸ்தி.' உண்மைதான். வெளிநாட்டுல இருந்து வர்ற சாமான், ஷிப்பிங் வேற. அதனாலதான் சொல்றேன், பத்து வேகன் வாங்குறதுக்குப் பதிலா ஆறு வாங்குங்க. பிரிஞ்சு நிக்கிற பத்தைவிட சேர்ந்து ஓடுற ஆறு மேல். பிரியவே வேண்டாத செட்னா நடு வேகன்களுக்கு கப்ளரே வேண்டாம், ஒரு உறுதியான இணைப்புத் தண்டு போட்டு நிரந்தரமா கோர்த்துடுங்க. முதல், கடைசி முனைக்கு மட்டும் நல்ல கப்ளர். கஞ்சத்தனம் பண்ணணும்னா இப்படிப் பண்ணுங்க.

'ஷெல்ஃப்ல வைக்கிறதுக்கு எதுவா இருந்தா என்ன?' சரி, ஷெல்ஃபுக்கு எது வேணும்னாலும் மாட்டுங்க. எனக்கு வழக்கு ஓடுற ரயில் பத்தி மட்டும்தான்.

'பெரிய தலை அசிங்கமா இருக்கு, நிஜ அளவுக்கு இருக்கிற சின்னத் தலை கப்ளர்தான் அழகு.' அழகுதான். ஆனா தலை சிறுசாக ஆக, உயரத்துல நீங்க பண்ற தப்பை மன்னிக்கிற அளவும் சிறுசாகும். தண்டவாளம் சமமா இருக்கு, எல்லா வேகனையும் அளந்துட்டேன்னு சொல்றவங்க தாராளமா போடலாம். எங்க ப்ளைவுட் ஜூன் மாசத்துலயே வளைஞ்சுடுச்சு. நாங்க பெரிய தலையிலயே நின்னுட்டோம்.

ஐரோப்பிய மாடல் வச்சிருக்கிறவங்களுக்கு ஒரு பொறாமைக் குறிப்பு. அங்க என்இஎம் 362-ன்னு ஒரு தரம் இருக்கு. அது வரையறுக்கிறது கப்ளர் செருகுற பாக்கெட்டை. பழைய வளையக் கப்ளரை உருவிட்டு, அந்தப் பாக்கெட்டுக்குன்னே செஞ்ச நக்கிளைச் செருகிக்கலாம். துளை போட வேண்டாம், பசை வேண்டாம்.

மூணாவது ரிவ்யூ

எல்லாத்தையும் ஒரே உலோகக் கப்ளருக்கு மாத்தினோம். பழைய இரண்டு வேகனுக்கு டப்பா மாட்ட துளை போட வேண்டியிருந்தது. ஒரு சனி, ஞாயிறு முழுக்க வாஷர், கேஜ், கிராஃபைட். மூணாவது ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி 40 சுற்று ஓட்டினோம். ஒரே ஒரு தடவை பிரிஞ்சுது. பேனல் சிவப்பு போட்டுச்சு. இந்த முறை நான் கோடைச் சந்தேகப்படலை, நேரா சுரங்கத்தைத் தூக்கினேன். கடைசி வேகனோட கம்பி பாயின்ட்ல உரசி, கப்ளர் திறந்திருந்துச்சு. அந்த ஒண்ணுக்கு மட்டும் கம்பி உயரம் பார்க்க மறந்திருந்தோம். இடுக்கியால கொஞ்சம் மேலே வளைச்சேன். சரியாச்சு.

ரிவ்யூவுல முதல் வேலையா ரிவ்யூவர்கிட்ட சொன்னேன்: "போன தடவை கோடுல பக் இல்லை சார். கப்ளர் கழண்டது. நான் பார்க்காம சொல்லிட்டேன்." அவர் தலையாட்டிட்டு மார்க் ஷீட்டைப் புரட்டினார். என் டீம்மேட் மட்டும் திரும்பி ஒரு தடவை பார்த்தான். அன்னிக்குச் சாயங்காலம் டீக்கு அவனே கூப்பிட்டான்.

இந்த போர்டை இந்த வருஷம் ஜூனியர்ஸ்கிட்ட விட்டுட்டுப் போறோம். அதை எடுத்து இன்னும் பெருசா பண்ணப் போறவங்களுக்கு: லேப் அலமாரி கீழ்த் தட்டுல, வேகன் பெட்டிக்குள்ள உயர கேஜ் இருக்கு, கூடவே வாஷர் டப்பா. புது வேகன் வந்தா முதல்ல கேஜ்ல வைங்க. இணைச்சதும் லேசா ஒரு தடவை இழுத்துப் பாருங்க. அதுக்கப்புறமா லேப்டாப்பைத் திறங்க. சிக்னல் சிவப்பு காட்டினா, ஓவர்ரைடு பட்டனைத் தொடுறதுக்கு முன்னாடி வேகன் எத்தனைன்னு எண்ணுங்க. பக்கத்துல நிக்கிறவனைக் கைகாட்டுறதுக்கு முன்னாடியும் எண்ணுங்க.